கோட்டைச்சாமி தாக்கல் செய்த மனு

நத்தைப்பாறை பள்ளிக்கூடச் சுவரில் புது வாக்காளர் பட்டியலை ஒட்டிய அன்று காலையில், மூன்று வருஷத்துக்கு முன் கல் குவாரியில் பாறை சரிந்து செத்துப்போன கோட்டைச்சாமி தன் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, வெந்நீர் இருக்கிறதா என்று கேட்டான். அவன் மனைவி சிட்டம்மாள் அதே பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைப்பவள். எழுபது பிள்ளைகளுக்கு முட்டை அவிக்க வேண்டுமே என்ற அவசரத்தில் கொண்டையை முடிந்துகொண்டே வெளியேறியவள், அடுப்பில் இருக்கு, பாத்து இறக்குங்க என்று சொல்லிவிட்டு நாலு எட்டு நடந்த பிறகுதான் நின்றாள். திரும்பி வந்தாள், அவன் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள், ஆற்று மணலைத் தொட்ட மாதிரி குளிர்ச்சியாக இருந்தது. வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு, முட்டைக்கு நேரமாகிவிட்டதென்று பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கு இப்படித் திரும்பி வந்த செத்தவர்கள் மொத்தம் பதினோரு பேர். ஊர் ஒரு பொழுது திகைத்தது, மத்தியானச் சோற்றுக்குள் பழகிக்கொண்டது. டீக்கடையில் அவர்களுக்கும் கிளாஸ் வைத்தார்கள். அவர்கள் ஆவியை மட்டும் முகர்ந்துவிட்டு அளவு குறையாமல் திருப்பிக் கொடுத்தார்கள், அந்த டீயைக் கடைக்காரர் என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. வேலித் தகராறைப் பாதியில் விட்டுப்போயிருந்த சுப்பையாக் கிழவர், வந்ததும் வராததுமாகப் பக்கத்து வீட்டு வாசலில் நின்று விட்ட வசவிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுக்காரரும் ஆறு வருஷமாக வாய்க்குள் வைத்திருந்த பதிலை அப்போதுதான் சொல்லி முடித்து நிம்மதியானார். கடைசி வீட்டு இருளாயியின் மகள் மலர்க்கொடி, பதினெட்டு முடிந்த மாதமே பேர் சேர்த்து, ஒரு தடவைகூட ஓட்டுப் போடாமல் டெங்குக் காய்ச்சலில் போனவள், வந்து ஆத்தாளின் மடியில் தலைவைத்துப் படுத்தாள். இருளாயி அன்று முழுக்க எழுந்திருக்கவே இல்லை.

சுடுகாடு கொள்ளாத அளவுக்குச் செத்தவர்கள் இருக்க, இந்தப் பதினோரு பேர் மட்டும் எப்படி வந்தார்கள் என்பது சாயங்காலம் விளங்கிவிட்டது. பாத்திரம் கழுவிவிட்டு வந்த சிட்டம்மாள் பட்டியலைப் படித்தாள். பழைய பட்டியலில் இருநூற்றுப் பதினாலு பேர் இருந்த இடத்தில் பதினோரு பேர் இருந்தார்கள், பதினோரு பேரும் செத்தவர்கள். உயிரோடிருக்கும் அத்தனை பேரும் நீக்கப்பட்டிருந்தார்கள். ஒவ்வொரு பேருக்கும் எதிரில், நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர் என்று ஒரே மாதிரி எழுதியிருந்தது.

தப்பு எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்க யாருக்கும் ரொம்ப நேரம் ஆகவில்லை. பங்குனி மாசக் கடைசிச் செவ்வாய் நத்தைப்பாறைக்கு ஊர்விடும் நாள். விடிந்ததும் ஆடு மாடு கோழி கைக்குழந்தை எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு சனம் மொத்தமும் கண்மாய்க்கரைத் தோப்புக்குப் போய், அங்கேயே பொங்கித் தின்று, பொழுது சாய்ந்த பிறகுதான் திரும்பும். அன்று ஒருநாள் ஊர் செத்தவர்களுக்கு. அவர்கள் வந்து இளைப்பாறிப் போக ஒரு சொம்புத் தண்ணீர் உள்ளே வைத்து, வீடு அடையாளம் தெரியாமல் அலையக் கூடாதே என்று கதவில் சுண்ணாம்பால் அந்த வீட்டில் செத்தவர்கள் பேரை எழுதிவிட்டுக் கிளம்புவார்கள். கிளம்பினால் திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் வருகிறவர்கள் கூச்சப்பட்டு அப்படியே போய்விடுவார்கள். வீடுவீடாகச் சரிபார்க்க வேண்டிய உத்தியோகஸ்தர், வருஷத்தில் முந்நூற்றுச் சொச்சம் நாட்களை விட்டுவிட்டு, பஞ்சாயத்துத் தலைவர் துரைப்பாண்டியின் ஜீப்பில், சரியாக அந்தச் செவ்வாய்க்கிழமையில் வந்திறங்கினார். ஊரில் காக்காய் குருவி இல்லை. கதவுகளில் பேர்கள் இருந்தன. கையிலிருந்த பழைய பட்டியலில் எந்தப் பேர் கதவிலும் இருந்ததோ அதற்கு டிக் போட்டார், இல்லாததை அடித்தார், வெயில் ஏறுமுன் வேலையை முடித்துக்கொண்டு தலைவர் வீட்டு விருந்துக்குப் போய்விட்டார். செத்த பிறகும் பேரை நீக்காமல் விட்டிருந்த பதினோரு பேர் தங்கினார்கள்.

துரைப்பாண்டிக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்த சங்கதி. அவர் குவாரியில் வெடி வைத்து வைத்து நத்தைப்பாறையில் விரிசல் விடாத சுவர் கிடையாது. போன கார்த்திகையில் சத்துணவுக் கூடத்துக் கூரையிலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து, பிள்ளைகள் கைகழுவப் போயிருந்த நேரமாகப் பார்த்து, சாப்பாட்டு வரிசை மேல் விழுந்தது. அந்தப் பாளத்தைத் தூக்கி வெளியே போட்டவள் சிட்டம்மாள்தான். இந்தத் தடவை அந்த ஆளை இறக்கியே ஆவது என்று ஊர் கூடிப் பேசி முடிவு செய்திருந்தது. போன தடவை அவர் ஜெயித்தது அறுபது ஓட்டில். நத்தைப்பாறை ஓட்டுப் போடாவிட்டால் இன்னும் ஐந்து வருஷம் வெடி வெடிக்கும், அடுத்த பாளம் விழும்போது பிள்ளைகள் கைகழுவப் போயிருப்பார்கள் என்பதற்கு யார் பொறுப்பு? தேர்தலுக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

தாலுகா ஆபீசுக்குப் போனார்கள். இடம்பெயர்ந்து போனவர்கள் இப்படிக் கூட்டமாக வந்து நிற்பது நியாயமா என்று அங்கே கேட்டார்கள். இதே ஊரில்தான் இருக்கிறோம் என்று சொன்னதற்கு, அப்படியானால் இருப்பிடச் சான்று வேண்டும், அதில் பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான், இனி கோர்ட்டைத் தவிர வேறு வாசல் இல்லை என்று சிட்டம்மாள் முடிவுக்கு வந்தாள். டவுனில் அருள்ராணி என்று ஒரு வக்கீல் இருந்தாள், முப்பது வயசுக்காரி, படபடவென்று பேசுவாள், பேசியதைச் செய்வாள். அவள் இருநூற்று மூன்று பேர் கையெழுத்தோடு உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டாள்.

முதல் விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். இவர்கள் பேர் பட்டியலில் இல்லை, அதனால் இவர்கள் இந்த ஊர் வாக்காளர்கள் இல்லை, வாக்காளர் அல்லாதவர்கள் பட்டியலைக் குறை சொல்ல முடியாது, பட்டியலில் இருப்பவர் யாரும் புகார் சொல்லவில்லை என்றார். நீதிபதி அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை என்பது அவர் பேனாவை மூடித் திறந்ததில் தெரிந்தது. பட்டியலில் பேருள்ள ஒரே ஒருவராவது மனுதாரராகச் சேர்ந்து, இது தப்பான பட்டியல் என்று சத்தியம் பண்ணிப் பிரமாணப் பத்திரம் போட்டால் வெள்ளிக்கிழமை கேட்கிறேன் என்று சொல்லி வழக்கைத் தள்ளிவைத்தார்.

கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் நின்று அருள்ராணி தலையைச் சொறிந்தாள். பதினோரு பேரில் யாராவது கையெழுத்துப் போட வேண்டும். போடலாம், வந்துதானே இருக்கிறார்கள். ஆனால் சத்தியப் பிரமாணத்தில் பொய் எழுத முடியாது. செத்தவர் என்றால் செத்தவர் என்றுதான் எழுத வேண்டும்.

"அரைப் பட்டியலைத் திருத்துங்கன்னு கோர்ட்டுல கேக்க முடியாதுக்கா. உயிரோட இருக்கறவங்களச் சேருன்னா, செத்தவங்கள எடுன்னும் சேத்துதான் கேக்கணும். ஜெயிச்சா அவங்க பேரு போயிரும்."

பேர் போனால் ஆளும் போவான். அதை அவள் சொல்லவில்லை, சிட்டம்மாளுக்கும் சொல்லத் தேவைப்படவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்குக் கண்டக்டர் நாலு தடவை கேட்டும் காதில் விழவில்லை.

செய்தி அவளுக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது. மறுநாளே நத்தைப்பாறை இரண்டானது. செத்தவர் வந்த பதினோரு வீடுகள் ஒரு பக்கம், மற்ற வீடுகள் ஒரு பக்கம். குழாயடியில் குடங்கள் தனித்தனி வரிசையில் நின்றன. சிட்டம்மாள் இரண்டு பக்கத்துக்கும் ஆகாதவளாகிப் போனாள். அவள் வீட்டில் செத்தவனும் இருந்தான், அவள் தலைக்குமேல் அந்தச் சத்துணவுக் கூடத்துக் கூரையும் இருந்தது. கோட்டைச்சாமி பழையபடி முற்றத்தில் உட்கார்ந்து குவாரித் தூசி இருமலை இருமிக்கொண்டிருந்தான். இரண்டு வறட்டு இருமல், ஒரு இடைவெளி, பிறகு ஒரு நீள இருமல். உயிரோடிருந்த காலத்தில் அந்த இருமலால் தூக்கம் கெடுகிறதென்று அவள் எத்தனையோ திட்டியிருக்கிறாள். இப்போது அது ஒரு நிமிஷம் நின்றாலும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள்.

சத்துணவுக் கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது இருளாயி வந்தாள். வந்தவள் உட்காரவில்லை.

"மதினி, ஓட்டு அஞ்சு வருசம் கழிச்சுத் திரும்ப வரும். எம்புள்ள வருமா?"

சிட்டம்மாள் கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே இருந்தாள்.

"ஒன்னையக் கையெடுத்துக் கும்புடுதேன். கேசக் கைவிட்டுரு," என்றாள் இருளாயி. நிஜமாகவே கும்பிட்டாள். பிறகு அண்ணாந்து கூரையில் பாளம் பெயர்ந்த இடத்தைப் பார்த்தாள், அங்கே கம்பி துருவேறித் தெரிந்தது, பார்த்துவிட்டுப் போய்விட்டாள். சிட்டம்மாள் அன்றைக்குக் குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள்.

புதன்கிழமை துரைப்பாண்டியே வந்தார். செத்தவன்தான் எழுந்து நாற்காலி போட்டான், தலைவர் அவன் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்தார். தன் குவாரியில் செத்தவன் தனக்கே நாற்காலி போடுவதை எந்த முகத்தோடு பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை போலும். சிட்டம்மாளிடம் மட்டும் பேசினார். அவர் யாரையும் மிரட்ட வரவில்லையாம், ஒரு நல்லது சொல்ல வந்தாராம்.

"நீ கேச வாபஸ் வாங்கிட்டன்னு வையி, பட்டியல் இப்படியே இருக்கும். ஒன் புருசன் ஒங்கூடவே இருப்பான். அடுத்த தேர்தலுக்கும் எவன் வந்து திருத்தப் போறான்? அவன ரெண்டாந் தடவ சாகடிக்கிறது ஒன் கையில இருக்கு தாயி, எங்கையில இல்ல."

எழுந்து போகும்போது பின்னாலிருந்து இருமல் கேட்டது. தலைவரின் நடை அதைக் கேட்டு வேகமானது.

அவர் சொன்னது பொய்யில்லை, அதுதான் சிட்டம்மாளை அறுத்தது. அவளுக்கு அவன் வேண்டும். வெட்கமில்லாமல் வேண்டும், ஊர் எக்கேடு கெட்டாலும் வேண்டும் என்று அந்தச் சாயங்காலம் அவள் நினைத்தாள். மூன்று வருஷம் ஒற்றை ஆளாகப் பாயை விரித்துச் சுருட்டியவளைக் கேட்டால் தெரியும். பிரமாணப் பத்திரத்தை அருள்ராணி கொடுத்தனுப்பியிருந்தாள், அது அரிசிப் பானைக்கு அடியில் கிடந்தது. கோட்டைச்சாமி தானாகவே போய் அதை எடுத்து வந்தான்.

"சிட்டு, ஒன்னு சொல்லணும். போன தடவ நான் ஓட்டுப் போட்டது அவருக்குத்தான்."

"தெரியும்," என்றாள் அவள்.

அவன் அவளைப் பார்த்தான்.

"அன்னைக்குப் பூத்துல இருந்து வந்ததும் கேக்காமலே எனக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்தீகளே, அப்பவே தெரியும்."

வேலை போய்விடும் என்ற பயத்தில் போட்டதாக அவன் சொன்னான். அறுபது ஓட்டில் ஜெயித்த ஆளுக்குத் தன் ஓட்டும் ஒன்று, அந்தப் பாறை தன் மேல் விழுந்தபோது அதுதான் கடைசியாக நினைவுக்கு வந்தது என்றான். செத்துக் கிடந்த மூன்று வருஷமும் அந்த ஒரு நினைப்புதான் புரண்டு படுக்க விடவில்லையாம். சொல்லிவிட்டு, பேனாவைக் கொண்டுவரச் சொன்னான்.

"போட்டா போயிருவீக," என்றாள் சிட்டம்மாள்.

"நான் போயி மூணு வருசம் ஆச்சு," என்றான் அவன். "நீங்கதான் இருக்கீக. இருக்கவுகளப் போயிட்டாகன்னு எழுதியிருக்கானே, அத எப்படி விடுறது சிட்டு?"

கையெழுத்துப் போடும்போது அவள் காகிதத்தின் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணீர் விழுந்து பேர் அழிந்துவிடக் கூடாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் இரண்டு பேரும் போனார்கள். கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழித்தான். கோர்ட் வாசலில் போலீஸ்காரர் அடையாள அட்டை கேட்டார், சிட்டம்மாள் மூன்று வருஷமாகப் பெட்டியில் பொத்தி வைத்திருந்த கோட்டைச்சாமியின் வாக்காளர் அட்டையை நீட்டினாள், அவர் போட்டோவையும் ஆளையும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். சிட்டம்மாளை மட்டும் நுழைவுச் சீட்டு வாங்கி வரச் சொல்லி அரைமணி நேரம் நிறுத்தினார்.

மனுதாரர் பேரைக் கூப்பிட்டபோது கோட்டைச்சாமி எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டான். எதிர்த்தரப்பு வக்கீல் இந்த முறையும் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். மனுதாரர் இறந்துவிட்டார், இதோ இறப்புச் சான்றிதழ், இறந்தவருக்கு மனுப்போட உரிமையில்லை என்று ஒரு காகிதத்தை நீட்டினார். நீட்டிய பிறகுதான் தான் எதை நீட்டினோம் என்பது அவருக்கே உறைத்தது, கை அந்தரத்தில் நின்றது. நீதிபதி அம்மா அதை வாங்கி நிதானமாகப் படித்தார். கூடத்தில் மின்விசிறி சுற்றுவது கேட்டது. சிட்டம்மாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

"மனுதாரர் உயிரோட இருக்கார்னா, பட்டியல் தப்புன்னு சொல்ல அவருக்கு உரிமை இருக்கு. அவர் இறந்துட்டார்னா, பட்டியல் தப்புன்னு நீங்களே நிரூபிச்சுட்டீங்க. இதுல எதை நான் எழுதிக்கட்டும், சொல்லுங்க," என்றார் நீதிபதி.

வக்கீல், தேர்தல் அறிவித்த பிறகு நீதிமன்றம் தலையிடக் கூடாது என்று ஏதோ சொன்னார். தேர்தலைத் தான் தொடப்போவதில்லை என்றும், ஊரைக் காணோம் என்று எழுதினவர்களிடம் ஊரைத் திருப்பி வைக்கச் சொல்வதற்குப் பேர் தலையிடுவது இல்லை என்றும் நீதிபதி சொன்னார். திங்கள் மாலை ஐந்து மணிக்குள் இருநூற்று மூன்று பேரும் சேர்க்கப்பட வேண்டும், இறந்தவர்கள் நீக்கப்பட வேண்டும், பட்டியலை அதே சுவரில் ஒட்ட வேண்டும் என்று உத்தரவு. கடைசியாகக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மனுதாரரை நீதிமன்றம் பாராட்டுகிறது என்றார். கோட்டைச்சாமி கும்பிட்டான், கும்பிடும்போது இருமல் வந்தது, வாயைப் பொத்திக்கொண்டான்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் பதினோரு வீடுகளிலும் கதவு திறக்கவில்லை. மற்ற வீடுகளில் பட்டாசு வெடிக்கலாம் என்று யாரோ வாங்கி வைத்திருந்தார்கள், யாரும் கொளுத்தவில்லை, குழாயடியில் எல்லாக் குடங்களும் ஒரே வரிசைக்கு வந்திருந்தன. திங்கட்கிழமை நாலரை மணிக்கு ஆபீஸ் ஜீப் வந்தது. ஒரு குமாஸ்தா பசைச் சட்டியோடு இறங்கி, பழைய பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு, பேரை உரக்கப் படித்துச் சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றாக அடித்தார். சுப்பையாக் கிழவர் பேர் படிக்கப்பட்டபோது வேலியோரம் நடந்துகொண்டிருந்த வசவு பாதி வார்த்தையில் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு உட்கார்ந்து அழுதார்.

கோட்டைச்சாமி சத்துணவுக் கூட வாசலில் நின்றிருந்தான். பாத்திரத்தைக் கழுவு, திரும்பிப் பாக்காத என்று சொன்னான். அவள் திரும்பவில்லை. அண்டாவைத் தேய்த்தாள், தேய்த்த அண்டாவையே மறுபடி தேய்த்தாள். பின்னால் இரண்டு வறட்டு இருமல் கேட்டது. ஒரு இடைவெளி விழுந்தது. நீள இருமலுக்காக அவள் தேய்ப்பதை நிறுத்திக் காத்திருந்தாள், அது வரவேயில்லை. அந்தச் சமயம் கடைசி வீட்டிலிருந்து இருளாயியின் குரல் எழுந்தது. மலர்க்கொடி பேர்தான் பட்டியலில் கடைசி.

தேர்தலன்று பள்ளிக்கூடத்தில் பெண்கள் வரிசை கொய்யா மரம் வரை நின்றது. விடுபட்டுத் திரும்பக் கிடைத்த ஓட்டு என்பதால் படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களைக்கூடத் தூக்கி வந்திருந்தார்கள். இருளாயி வரமாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வந்தாள். சிட்டம்மாளுக்கு நேர் பின்னால் வந்து நின்றாள். அவளுடைய மூச்சு தன் முதுகில் படுவதைத் தாங்கிக்கொண்டு சிட்டம்மாள் ஒரு மணி நேரம் நகர்ந்தாள். மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தாள். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது, கேட்காமல் நின்றாள்.

உள்ளே முதல் மேசை அதிகாரி, புதுப் பட்டியலில் விரலை ஓட்டி, ஏஜெண்டுகள் காதில் விழும்படி உரக்கப் படித்தார்.

"நூத்தி இருபத்தாறு. சிட்டம்மாள். கணவர் பெயர் கோட்டைச்சாமி."

இதை யாரும் யோசித்திருக்கவில்லை, அருள்ராணிகூட. அவன் பேரை அடித்தவர்கள், அவள் பேருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்த அவன் பேரை அடிக்கவில்லை. அடிக்கவும் முடியாது. சிட்டம்மாள், ஆமா என்றாள். அப்போது அவளுக்குப் பின்னால், பெண்கள் மட்டும் நிற்கிற அந்த வரிசையில், நீளமாக ஓர் இருமல் கேட்டது.

அடுத்த மேசையில் விரலுக்கு மை வைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். சிட்டம்மாள் விரலை நீட்டி மை வைத்துக்கொண்டு, வாக்குச்சீட்டுகளை வாங்கினாள். கழுத்து தானாகத் திரும்பப் போனது.

இருளாயி அவள் தோளை இறுக்கிப் பிடித்தாள். அவள் பேருக்குக் கீழே மகள் பேர் எந்தப் பட்டியலிலும் வராது என்பது அவளுக்கும் தெரியும், சிட்டம்மாளுக்கும் தெரியும்.

"வந்திருக்காரு மதினி, நிக்காரு," என்றாள் இருளாயி. "நீ திரும்பிப் பாக்காத. போயி ஓட்டப் போடு."

சிட்டம்மாள் திரும்பவில்லை. அட்டை மறைப்புக்குப் பின்னால் போய், தலைவர் பதவிக்கான இளஞ்சிவப்புச் சீட்டை மேசைமேல் விரித்து, கண்ணைத் துடைத்துவிட்டு, முத்திரையை அழுத்திக் குத்தினாள்.